கருப்பாயி கொதிக்க வைக்காத நத்தைகள்

நத்தையைக் கொதிநீரில் எவ்வளவு நேரம் போட வேண்டும் என்பது கருப்பாயிக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணினால் போதும். அதற்கு மேல் போனால் ஓட்டின் மஞ்சள் வெளுத்துவிடும். குறைந்தால் சதை பாதியில் அறுந்து உள்ளேயே தங்கி மூன்றாம் நாள் நாறும். இருபது எண்ணி எடுத்து, வளைத்த ஊசியைச் சதையில் மாட்டி, ஓடு சுழித்த பக்கமாகவே கையையும் சுழற்றி இழுத்தால் வால்வரை முழுதாக வந்துவிடும். சிங்கப்பூருக்கு வடக்கே, கோத்தா திங்கிக்கு ஆறு மைல் மேலே, காட்டை ஒட்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இந்த வேலையை அவளைப் போலச் செய்ய ஆள் கிடையாது. அதை அவளே சொல்வாள். அடக்கம் அவளுக்கு வராத சமாச்சாரம்.

அவளை இந்த வேலைக்கு எடுத்தவர் கார்னிஷ் துரை. தோட்டத்துக்குச் சின்ன துரை; பெரிய துரைக்கு அடுத்தபடி. மற்றத் தோட்டத்துச் சின்ன துரைகள் சாயங்காலமானால் டென்னிஸ் ஆடினார்கள், குடித்தார்கள். இவர் பூச்சியும் நத்தையும் பொறுக்கினார். முப்பத்தொன்றாம் வருஷம் ஒரு காலையில், புல்வெட்டுக் கும்பலில் குனிந்திருந்த கருப்பாயி, பத்தடிக்கு அப்பால் ஓர் இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த மரநத்தையைக் கையை நீட்டிக் காட்டினாள். துரை அந்த இலையை மூன்று தடவை பார்த்தும் நத்தை அவர் கண்ணில் படவில்லை. அன்றைக்கே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

பங்களாவின் பின்னறையில் சிறு இழுப்பறைகள் வைத்த அலமாரிகள் மூன்று இருந்தன. அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத உயிர் ஒன்று கையில் கிடைத்தால், துரை அதை அளப்பார், வரைவார், ஏற்கெனவே பேர் வைத்தவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இது வேறு என்று நிச்சயமானால் வர்ணனை எழுதி, லத்தீனில் பேர் வைத்து, லண்டனுக்கு அச்சுக்கு அனுப்புவார். பேருக்குச் சாட்சியாக ஓர் ஓட்டைத் தனி டப்பாவில் பஞ்சு வைத்துக் கூடவே அனுப்புவார். தட்டச்சு அடிப்பது தங்கராஜு கிராணி. தோட்டக் கணக்கை முடித்துவிட்டு, முனகிக்கொண்டே வந்து உட்காருவார்.

கருப்பாயி இலையடியில் காட்டிய அந்த நத்தைதான் துரையின் முதல் புது நத்தை. கட்டைவிரல் நீளம், எலுமிச்சை மஞ்சள், உதட்டோரம் ஒரு தவிட்டு நிறக் கோடு. அதற்கு அங்கே ஓடுகிற ஆற்றின் பேரை வைத்தார். வர்ணனையில் ஒரு வரி அழுத்தமாகவே எழுதினார்: இருநூற்றுப் பதினாறு ஓடுகள் பார்த்தேன், எல்லாம் ஒரே பக்கம் சுழித்தவை, விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை.

அவர் பார்த்தது உண்மைதான். பார்க்காதவை முனியாண்டி கோயில் ஜம்பு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

அந்தக் காட்டில் அந்த நத்தை இரண்டு பக்கமும் சுழித்திருக்கும். பத்துக்கு ஆறு இடம்புரி, நாலு வலம்புரி. வலம்புரிச் சங்கு என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் லட்சத்தில் ஒன்று கிடைப்பது. லெட்சுமி குடியிருக்கிறாள் என்று கும்பிடுகிற பொருள். மரத்தில் ஊர்கிற நத்தையிலும் அதே சுழி இருந்தால்? சங்கு பெரிசு, நத்தை சிறிசு. சுழி சுழிதானே. கருப்பாயி பெரிய பக்திக்காரி இல்லை. ஆனால் வலம்புரியைக் கொதிநீரில் போட அவளுக்குக் கை வராது. எரிகிற விளக்கை யாரும் காலால் அணைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பதிலும் சொல்ல மாட்டார்கள்.

அதனால் வலம்புரியாகக் கிடைத்ததையெல்லாம் முந்தானையில் முடிந்து வந்து, கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக் கடைசியில் இருக்கும் முனியாண்டி கோயிலின் ஜம்பு மரத்தில் உயிரோடு விட்டுவிடுவாள். மூன்று வருஷமாக இதுதான் நடந்தது. துரை கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அதை ஒளித்தாள் என்று சொல்ல முடியாது. அவளைப் பொறுத்தவரை அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

முப்பத்துநாலாம் வருஷம், அடைமழை ஓய்ந்த மாசியில், செடெனாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரமுத்து லாரியில் வந்து இறங்கினான். கருப்பாயிக்குத் தூரத்து அண்ணன் முறை. அந்தத் தோட்டத்து மானேஜர் கார்னிஷ் துரையின் சிநேகிதர். அவர் கொடுத்தனுப்பிய பெட்டியைத் துரையிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் தங்கிப் போவதாக வந்திருந்தான். பெட்டிக்குள் நாற்பத்தெட்டு ஓடுகள். அதே மஞ்சள், அதே கோடு. ஆனால் நாற்பத்தெட்டும் வலம்புரி.

துரை அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. இங்கே இருநூற்றுப் பதினாறும் ஒரு பக்கம், அங்கே நாற்பத்தெட்டும் மறுபக்கம். வேறு ஆறு, வேறு சுழி. அப்படியானால் வேறு இனம். வேறு வித்தியாசம் உண்டா என்று கண்ணாடி வைத்துத் தேடினார். தேடினால் கிடைக்காமலா போகும்? உதடு கொஞ்சம் தடிப்பு என்றார். கோடு கொஞ்சம் அகலம் என்றார். மறுநாள் காலை கருப்பாயியைக் கூப்பிட்டார்.

துரை தமிழைப் பரீட்சை எழுதிப் படித்தவர். புத்தகம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"கருப்பாயி, இந்தப் புதிய நத்தைக்கு உன்னுடைய பெயரை வைக்கப் போகிறேன்."

"என் பேரா? எதுக்கு தொர? இது அண்ணன் கொண்டாந்தது."

"அவன் கொண்டுவந்தான். உன்னுடைய கண்ணால்தான் நான் இந்த நத்தைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆகவே உன் பெயர்."

தங்கராஜு கிராணி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு விளக்கினார். "உன் பேருக்குப் பின்னால லத்தீன்ல ஒரு வால் ஒட்டும். அவ்வளவுதான். அச்சுல ஏறிட்டா நீ செத்தாலும் நான் செத்தாலும் அது இருக்கும். இந்த நத்தையை எவன் எந்த ஊர்ல எடுத்தாலும் உன் பேரைத்தான் எழுதணும்."

"யாரும் அழிக்க மாட்டாங்களா?"

"தப்புன்னு எவனாச்சும் காட்டினாத்தான் விழும். இல்லாட்டி நிக்கும்."

சேதி மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் கருப்பாயியைக் கண்டதும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தே விட்டாள்.

"அலமாக்! எலுமிச்சம்பழமாட்டம் மஞ்சளா இருக்குது, அதுக்குப் போயி கருப்பாயின்னா பேரு?"

"நம்ம கங்காணி பேரு தர்மலிங்கம். அவன் என்ன தருமமா பண்றான்? போடி."

"இல்லக்கா, தொர அதைக் கூப்பிடுறப்ப நீ ஓடிப் போயி நிக்கப் போற."

"நின்னா உனக்கென்ன? நத்தை மொதல்ல வருதா நான் மொதல்ல வரேனான்னு நீ வேடிக்கை பாரு."

கருப்பாயியின் புருஷன் அய்யாவு ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவுகிறவன். அதிகம் பேசாதவன். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், குழந்தை இல்லை. இதை வைத்து அவர்கள் சண்டை போட்டதும் இல்லை, அழுததும் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு அவன் சொன்னான்: "பேரு சொல்ல ஒரு புள்ள இல்லைன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாங்க. இப்ப நத்தை சொல்லப் போகுது. சொல்லட்டும்." மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கிக்குப் போனவன், சீனன் காப்பிக் கடையில் நாலு பேரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தான். அவன் இப்படிச் சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. புல்வெட்டில் கிடந்து காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் நம்பராகக் கூப்பிடப்பட்டவள். தன் பேர் லண்டனில் அச்சாவது அவளுக்குப் பிடித்திருந்தது.

வீரமுத்து ஊருக்குக் கிளம்புகிற காலையில் அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"ஏண்ணே, உங்க காட்டுல இடம்புரியே கெடையாதா?"

"ஏன் இல்லாம? கூடை கூடையாக் கெடக்கு."

"பின்ன பெட்டியில ஒண்ணுகூட இல்லையே?"

வீரமுத்து அவளை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "தங்கச்சி, தொரைக்குப் போற சாமான். போயும் போயும் இடம்புரியையா குடுப்பாங்க? நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன்."

"கொதிக்க வைக்கிறப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"நான் எங்க கொதிக்க வச்சேன்? உயிரோட குடுத்துடுவேன். அவிக்கிறது அவங்க குசினிக்காரன். பாவம் அவனோட போகுது."

கருப்பாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இவள் வலம்புரியைச் சாமிக்கென்று ஒதுக்கினாள். அவன் வலம்புரியைத் துரைக்கென்று பொறுக்கினான். இரண்டு பேரும் செய்தது ஒரே மரியாதை. நடுவில் அகப்பட்ட நத்தை இரண்டு இனமாகிவிட்டது.

அண்ணனை லாரி ஏற்றிவிட்டு நேராகப் பங்களாவுக்குப் போனாள். யோசித்துப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று பேச்சியம்மாள் பிற்பாடு சொன்னாள். அது தப்பு. வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனாள். ஒன்றை இரண்டு என்று எழுதினால் நாளைக்கு எவனாவது இந்தக் காட்டுக்குள் வந்து பார்ப்பான். பார்த்ததும் சிரிப்பான். எந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பான்? பேர் நிற்பது பெரிசில்லை, எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

துரை எழுதிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜம்பு மரம், முந்தானை, வீரமுத்துவின் பெட்டி, ஒன்றுவிடாமல். துரையின் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்துகொண்டு வந்தது.

"மூன்று வருடமாக நீ எனக்கு இதைச் சொல்லவில்லை."

"நீங்க கேக்கல. நத்தை கொண்டான்னீங்க, கொண்டாந்தேன். வலம்புரியை அவிப்பியான்னு கேட்டிருந்தா, மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"எது வலம்புரி? காட்டு."

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதைத் துரையின் புத்தகங்கள் இடப்பக்கச் சுழி என்கின்றன. அவர்கள் கூம்பை மேலே வைத்துப் பார்ப்பார்கள், நாம் கவிழ்த்துப் பிடித்துப் பார்ப்போம். பிடிதான் வேறு; ஓடு ஒன்றுதான். அதில் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு ஜம்பு மரத்துக்கு நடந்தார். தங்கராஜு கிராணி பின்னாலேயே ஓடினார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அரைமணி நேரம் எண்ணினார்கள். வலம்புரி முப்பத்தொன்று. இடம்புரி பதினான்கு.

"இந்த மரத்துல நான் ஒரு இடம்புரியைக்கூட விட்டதில்ல தொர," என்றாள் கருப்பாயி. "அத்தனையும் வலம்புரி. இப்ப பாருங்க, ரெண்டும் இருக்கு. அந்தச் சின்னதுங்க எல்லாம் இங்கயே பொறந்தது. ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்கதான்."

துரைக்கு நம்ப மனமில்லை. நம்பினால் புது நத்தை போய்விடும். அதோடு, மூன்று வருஷத்துக்கு முன் அச்சான அந்த அழுத்தமான வரியும் பொய்யாகிவிடும். "இடம்புரிகள் காட்டிலிருந்து ஊர்ந்து வந்திருக்கலாம்," என்றார்.

"நடுவுல நாப்பது ஏக்கர் வெட்டவெளி. புல்லு இல்லாம நாங்கதான் செதுக்கி வச்சிருக்கோம். வெயில்ல கருவாடாப் போயிடும்."

"பறவை கொண்டுவந்திருக்கலாம். காற்றில் இலையோடு வந்திருக்கலாம். கருப்பாயி, இரண்டு இனங்கள் ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம். அதனால் நீ சொன்னது என் கருத்துக்கு விரோதம் அல்ல."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேருதே? நான் கண்ணால பாத்திருக்கேன்."

"குதிரையும் கழுதையும்கூடச் சேரும்."

கருப்பாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப எதைக் காட்டினா ஒத்துக்குவீங்க?"

துரை கொஞ்ச நேரம் நத்தையைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், எது சாட்சி, எது சாட்சி இல்லை என்று அவருக்குத் தெரியும். "ஒரு தாய். அது இடும் முட்டைகள். இரண்டும் மூடிய ஒரே டப்பாவில். தாய் ஒரு பக்கம் சுழித்தும் குட்டிகள் மறுபக்கம் சுழித்தும் இருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். தபால் கப்பல் புறப்பட இருபத்தைந்து நாள் இருக்கிறது."

"சரி," என்றாள்.

திரும்பும் வழியில் கிராணி அவள் காதருகே வந்து கேட்டார். "உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த மனுசன் சும்மா ஒரு பேரு குடுக்குறாரு. வாங்கிக்கிட்டுப் போயேன்."

"ஓட்டைக் கொடத்துல எழுதிக் குடுத்தா வாங்கிக்குவீங்களா கிராணியாரே?"

இந்த நத்தை முட்டையிடுகிற விதம் கருப்பாயிக்குத் தெரியும். மழை ஓய்ந்த வாரங்களில் மரத்தின் மேல்கிளையில் ஓர் இலையைத் தன் பிசினால் சுருட்டி ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் ஜவ்வரிசி மாதிரி முட்டைகளை இடும். இட்டு முடிக்க ஒரு பகலும் ஆகும். அந்த நேரத்தில் பிடித்தால்தான் எந்தத் தாய், எந்த முட்டை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். மூன்று நாள் காட்டில் அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் சேர்த்து, முட்டையிட்டுக்கொண்டிருந்த வலம்புரிகள் மூன்றைக் கண்டாள். இலையோடு, கிளையோடு, தாயோடு வெட்டி இறக்கி, மூன்று பிஸ்கட் டப்பாவில் ஈரப் பாசி போட்டு வைத்தாள். மூடியில் ஊசித் துளைகள். டப்பாக்களைத் துரைதான் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பங்களா அலமாரிச் சூடு ஆகாது என்று மறுத்து, தன் வீட்டுக் கட்டிலுக்கடியில், சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் வைத்தாள்.

அதில் ஆண் எது பெண் எது என்று பேச்சியம்மாள் கேட்டாள். ஒவ்வொன்றும் இரண்டுமாக இருக்கும் என்று துரை சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் நெடுநேரம் யோசித்தாள். "அப்ப வீட்டுல சண்டை வந்தா யாருக்கா கோவிச்சுக்கிட்டுப் போறது?"

ஏழாம் நாளன்று முதல் டப்பாவில் எறும்பு புகுந்துவிட்டது. ஓட்டையை ஒரு நூல் அகலம் பெரிதாகப் போட்டிருந்தாள். தன் தப்பு என்று அவளே போய்ச் சொன்னாள். பதினெட்டாம் நாள் இரண்டாம் டப்பாவில் முட்டைகள் பொரிந்தன. உளுந்து அளவில், கண்ணாடி போன்ற ஓட்டோடு, அறுபத்துமூன்று குட்டிகள். அத்தனையும் வலம்புரி. தாயைப் போலவே.

துரை அதைப் பார்த்துவிட்டு தட்டச்சுக் காகிதங்களை அடுக்கினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கிராணி வெளியே வந்து, "தீந்துச்சுல்ல? இனிமே பேசாம இரு," என்றார். அய்யாவு அன்றைக்குக் கோழி வாங்கி வந்தான். லயத்தில் ஆளாளுக்கு, கருப்பாயி ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது என்றார்கள்.

கருப்பாயி மட்டும் அசையவில்லை. "ஒரு வீட்டுல நாலும் பொண்ணாப் பொறக்குது. அதுக்காக ஊர்ல ஆம்பளையே இல்லைன்னு ஆகிடுமா? இன்னொரு டப்பா இருக்கு," என்றாள். ஜம்பு மரத்தில் அவள் கண்டது கண்டதுதான். அதை எந்த டப்பாவும் இல்லை என்று ஆக்கிவிட முடியாது.

கப்பல் தபால் சிங்கப்பூருக்குப் போக ஒரு நாள் பாக்கி இருந்தபோது, காலைப் பெரட்டு முடிந்து வந்து மூன்றாம் டப்பாவைத் திறந்தாள். சுருண்ட இலை கிழிந்திருந்தது. பாசியிலும் தகரத்திலும் உளுந்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை நகக்கண்ணில் ஏற்றி வாசல் வெளிச்சத்தில் திருப்பினாள். இடம்புரி. இன்னொன்று. இடம்புரி. பத்தை அப்படிப் பார்த்தாள். பிறகு பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவற்றின் நடுவே, வெந்நீரைப் பார்க்காத தாய் வலம்புரி தன் இரண்டு கொம்பையும் நீட்டிக்கொண்டு தகரச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

அய்யாவு அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கேட்காமலே தெரிந்தது; ஆனாலும் கேட்டான்.

"மாறிப் பொரிஞ்சிருக்கா?"

"ஆமா."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் குனிந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். "ஒரு டப்பா எறும்பு தின்னுச்சு. இதையும் எறும்பு தின்னுச்சுன்னு சொல்லேன். கப்பல் நாளைக்குப் போயிடும்."

"எறும்பு சதையைத்தான் திங்கும். ஓடு மிஞ்சும். தொர ஓட்டைக் கேப்பாரு."

"ஆத்துல கொட்டிட்டேன்னு சொல்லு."

"ஏன் கொட்டுனேன்னு கேப்பாரு."

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கியே," என்றான் அய்யாவு. குரல் உயரவில்லை. "நான் என்ன நெலமா கேட்டேன், நகையா கேட்டேன்? ஒரு பேரு. அது பாட்டுக்கு எங்கயோ ஒரு புத்தகத்துல கெடந்துட்டுப் போகுது. உனக்கு என்ன கொறையுது?"

"நீங்க மரம் சீவுறீங்க. கத்தி கொஞ்சம் ஆழமா எறங்கி மரத்துல காயம் பட்டா என்ன பண்ணுவீங்க? மண்ணை அப்பி மறைச்சிடுவீங்களா?"

"மறைச்சிருக்கேன். நாலஞ்சு தடவை."

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் சங்கடம். டப்பாவை மூடி, மூடிமேல் துணியைக் கட்டினாள்.

"நான் மறைச்சதில்ல," என்றாள். "எனக்கும்தான் அந்தப் பேரு வேணும். வேணும்னு சொல்லிக்கிட்டேதான் கொண்டு போறேன்."

"போ. உன் இஷ்டம்." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு நாலு நாள் அவளோடு பேசவில்லை.

பங்களாவில் உறையை அரக்கு வைத்து ஒட்டுவதற்குக் கிராணி மெழுகுவத்தியைப் பற்ற வைத்திருந்தார். கருப்பாயி டப்பாவை மேசைமேல் வைத்துத் துணியை அவிழ்த்தாள். துரை முதலில் தாயை எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் குட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஐம்பத்தேழு. ஒரு மணி நேரம் ஆயிற்று. மெழுகுவத்தி பாதி உருகிவிட்டது, கிராணிக்கு அதை அணைக்கவும் தோன்றவில்லை.

கடைசியில் கிராணிதான் தொண்டையைக் கனைத்தார். "தொர, டப்பா இவ வீட்டுல இருந்துச்சு. குட்டிங்களை மாத்தி வச்சிருக்கலாமே?"

துரை கண்ணாடியைக் கழற்றினார். "மாற்றி வைத்தால் இவளுக்கு என்ன லாபம், தங்கராஜு? இவளுடைய பெயர் அல்லவா போகிறது? ஊரில் யாராவது தன் பெயரை அழிக்கப் பொய் சொல்லுவார்களா?"

"காட்டுங்க தொர," என்றாள் கருப்பாயி. "பேரு எங்க இருந்துச்சு?"

துரை உறையைப் பிரித்து முதல் காகிதத்தைக் காட்டினார். மேலே நடுவில் தனியாக இரண்டு வார்த்தை. இரண்டாவது வார்த்தையை விரலால் தொட்டு, இது நீ என்றார். அவளுக்குப் படிக்க வராது. எத்தனை எழுத்து என்று மட்டும் பார்த்தாள். நீளமான பேர்தான். துரை பேனாவைத் திறந்தார். அந்த வரியின் மேல் ஒரே கோடாக இழுத்தார். பிறகு காகிதம் முழுவதையும் மூலைக்கு மூலை அடித்தார்.

"நான் மூன்று வருடங்களுக்கு முன்னால் எழுதியதும் தவறு," என்றார். மேசையைப் பார்த்தே சொன்னார். "விதிவிலக்கு இல்லை என்று எழுதினேன்."

"அதை நீங்களே எழுதிடுங்க. அடுத்தவன் எழுதுறதுக்கு முன்னால. நான் ஒதுக்குனதையும் அண்ணன் பொறுக்குனதையும் சேத்து எழுதுங்க. அப்பத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கிராணியைப் புதுக் காகிதம் போடச் சொன்னார். பத்து வரிதான். ஒரே நத்தை, இரண்டு சுழி. வலம்புரித் தாய்க்கு இடம்புரிக் குட்டிகள். ஓடுகள் ஒரு பக்கமாகவே சேர்ந்த காரணம். அது மறுநாள் கப்பலில் போயிற்று.

இனிமேல் இரண்டு சுழியையும் கொண்டுவருவதாக அவளே சொன்னாள். ஆனால் வலம்புரியை அவிக்கிறது அவள் வேலை இல்லை. துரையோ குசினிக்காரனோ பார்த்துக்கொள்ள வேண்டும். துரை ஒப்புக்கொண்டார். குசினிக்காரனைக் கேட்கவில்லை.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகையில் துரை கூப்பிட்டார்.

"கருப்பாயி, நில். உன்னுடைய பெயர் இல்லாமல் போகக் கூடாது." மூன்றாவது அலமாரியின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். சாராயத்தில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. கறுத்த உடம்பு, கால்கள் மட்டும் செம்பருத்திச் சிவப்பு. "எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நான் நன்றாகத் தேடிவிட்டேன். இதற்கு உன் பெயரை வைப்பேன்."

கருப்பாயி குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அழகாகத்தான் இருந்தது. பேருக்கும் பொருத்தம், பேச்சியம்மாள்கூட வாயைத் திறக்க முடியாது.

"எத்தனை இருக்கு தொர?"

"இது ஒன்றுதான்."

"ஆணா, பொண்ணா?"

"ஆண்."

"அப்ப பொண்ணு எப்படி இருக்கும்னு தெரியாது. குட்டிக்குக் காலு செவப்பா கறுப்பான்னு தெரியாது. பக்கத்துக் காட்டுல வேற மாதிரி இருக்குதான்னும் தெரியாது." குழாயை மேசைமேல் வைத்தாள். "ஒண்ணை வச்சுப் பேரு வைக்காதீங்க. இது எந்தக் கட்டைக்கு அடியில கெடச்சுது, அதை மட்டும் சொல்லுங்க."

துரை சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம், விழுந்து கிடக்கும் மெராந்தி மரம். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. மத்தியான மழைக்கு முன் இரண்டு கட்டையாவது புரட்டிவிடலாம். கருப்பாயி வெறும் டப்பா இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.